எதிரணியோடு சமரசம் பேசப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

"விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை, கெட்டுப்போனவர் விட்டுக்கொடுப்பதில்லை" என்று ஒரு வாசகம் உண்டு, கேட்டிருப்பீர்கள். குடும்பத்துக்கு அது சரியாக இருக்கலாம். அரசியலில் விட்டுக்கொடுத்துக் கெட்டவர்களும் ஏராளம், வீம்பு பிடித்து நாட்டைக் கெடுத்தவர்களும் ஏராளம். அதனால் சமரசம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத் தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு, நாளைக்கே நீங்கள் எதிரணி ஆட்களோடு ஒரு அறையில் உட்கார வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள் என்பதை மட்டும் பார்ப்போம். நாடாளுமன்றமாக இருந்தாலும் சரி, உள்ளாட்சி மன்றமாக இருந்தாலும் சரி, இரண்டாக உடைந்த ஒரு சங்கமாக இருந்தாலும் சரி, வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எனக்கு என்ன தகுதி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சங்கம் இரண்டு அணியாகப் பிரிந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கிடந்தபோது, நடுவில் உட்கார்ந்து மூன்று மாதம் பேசிய மூன்று பேரில் நானும் ஒருவன். அதில் பட்டது பாதி, பட்டதற்குப் பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்தது பாதி.

யார் அறையில் இல்லை?

நமக்கு என்ன கிடைக்கும், அவர்களுக்கு என்ன போகும் என்றுதான் எல்லோரும் முதலில் கணக்குப் போடுவார்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்தச் சமரசத்துக்கு விலை கொடுக்கப் போவது யார், அவர் இந்த அறையில் இருக்கிறாரா?

1787இல் ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுத உட்கார்ந்தவர்கள் இரண்டு பெரிய சமரசங்களைச் செய்தார்கள். ஒன்று, பெரிய மாநிலங்களுக்கும் சிறிய மாநிலங்களுக்கும் நடுவில்: கீழவையில் மக்கள்தொகைப்படி இடம், மேலவையில் எவ்வளவு பெரிய மாநிலமானாலும் இரண்டே இடம். இரண்டு தரப்பும் அறையில் இருந்தது, ஆளுக்குக் கொஞ்சம் கிடைத்தது, ஆளுக்குக் கொஞ்சம் போனது. அந்த ஏற்பாட்டை இன்றைக்கும் திட்டுகிறார்கள், இன்றைக்கும் அது நிற்கிறது. இன்னொன்று, அடிமைகளை மக்கள்தொகையில் எண்ணுவதா கூடாதா என்ற சண்டை. ஐந்து அடிமைகளுக்கு மூன்று ஆள் என்று கணக்கு முடிந்தது. ஓட்டே இல்லாத மனிதர்களின் தலைகளை எண்ணி, அவர்களை அடிமையாக வைத்திருந்த மாநிலங்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்தார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை. பிறகு 1820, 1850 என்று அதே துணிக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டே போனார்கள். 1850இல் போட்ட ஒட்டில், தப்பி ஓடிவந்த அடிமையைப் பிடித்துக் கொடுக்க அடிமை முறை இல்லாத மாநிலத்துக்காரர்களும் உதவியாக வேண்டும் என்ற சட்டமும் சேர்ந்தே வந்தது. 1861இல் உள்நாட்டுப் போர் வெடித்தது.

அந்தச் சமரசம் இல்லையென்றால் நாடே உருவாகியிருக்காது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதத்தை எப்போதும் விலை கொடுக்காத தரப்புதான் சொல்கிறது, கவனித்துப் பாருங்கள்.

1938 செப்டம்பரில் முனிக் நகரத்தில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி நான்கும் உட்கார்ந்து செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்து முடித்தன. செக் பிரதிநிதிகள் அதே ஊரில்தான் இருந்தார்கள், ஓட்டல் அறையில் காத்துக்கொண்டு. எல்லாம் முடிந்த பிறகு அவர்களிடம் முடிவைச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் ஜெர்மன் படை பிராக் நகருக்குள் வந்துவிட்டது.

ஆகவே பேசப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, இந்த ஏற்பாட்டால் பாதிக்கப்படக்கூடிய எல்லோரையும் எழுதுங்கள். அறையில் இருப்பவர்கள் பெயரை அடித்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் பெயர்கள்தான் உங்கள் மனசாட்சி. அவர்களில் ஒருவரையாவது உள்ளே கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அவர்களிடமாவது போய்க் கேளுங்கள். கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்றால் அந்தச் சமரசத்தில் ஏதோ சரியில்லை.

பேசினால் நடக்குமா?

விருப்பம் இருந்தால் போதும் என்பது பொய். பேச்சுவார்த்தை நடப்பது பெரும்பாலும் இரண்டு தரப்பும் களைத்துப்போன பிறகுதான். போலந்தில் 1981இல் ராணுவச் சட்டம் போட்டு 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கத்தை நசுக்கினார்கள், தலைவர்களை உள்ளே தள்ளினார்கள். சங்கம் சாகவில்லை, அரசுக்குப் பொருளாதாரமும் தேறவில்லை. 1988இல் மறுபடி வேலைநிறுத்தங்கள். 1989 பிப்ரவரியில் அதே அரசு அதே சங்கத்தாரை வட்ட மேசைக்கு அழைத்தது. ஏழு வருடத்தில் யாரும் நல்லவர்களாக மாறிவிடவில்லை. ஒரேயடியாக ஜெயிக்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எனவே எதிரணியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவர்கள் நல்லவர்களா என்பது கிடையாது. இழுபறி நீடித்தால் அவர்களுக்கு எங்கே வலிக்கும்? அடுத்த தேர்தலில் முழுசாக வந்துவிடலாம் என்று நம்புகிறார்களா? அப்படி நம்புகிறவர் உங்களோடு காப்பி குடிப்பார், சிரிப்பார், எதிலும் கையெழுத்துப் போட மாட்டார்.

இன்னொன்று, சமரசத்துக்குப் பெரும்பான்மை இருந்தும் அது நடக்காமல் போவது உண்டு. 2013இல் அமெரிக்க செனட்டில் குடியேற்றச் சீர்திருத்த மசோதா 68க்கு 32 என்று இரண்டு கட்சி ஆதரவோடு நிறைவேறியது. கீழவையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. தன் கட்சி உறுப்பினர்களில் பெரும்பான்மை ஆதரிக்காத மசோதாவை எடுக்க மாட்டேன் என்று அவைத் தலைவர் சொல்லிவிட்டார். அவர் பயந்தது எதிர்க்கட்சிக்கு இல்லை, தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன், ஏனென்றால் சமரசத்தில் கஷ்டமான பாதி எதிரே இருப்பதில்லை, பின்னால்தான் இருக்கிறது.

கேட்பது ஒன்று, வேண்டியது இன்னொன்று

எங்கள் சங்கத்தில் இரண்டு அணிக்கும் சண்டை செயலாளர் பதவிக்குத்தான் என்று ஊரே நினைத்தது. நாங்களும் அப்படித்தான் நினைத்து, ஆளுக்கு ஒரு வருடம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம், துணைச் செயலாளர் பதவி ஒன்றைப் புதிதாக உருவாக்கலாம் என்றெல்லாம் ஐந்தாறு யோசனைகளைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தோம். பழைய நிர்வாக அணி எதற்கும் அசையவில்லை. ஒரு நாள் கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்த அணியின் மூத்தவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "தம்பி, பதவி கிடக்கட்டும், அவங்க வந்தா பழைய கணக்கைத் தோண்டுவாங்களா?" என்று கேட்டார். ஆறு வாரமாக நாங்கள் பேசிக்கொண்டிருந்தது பதவி, அவர் தூங்காமல் கிடந்தது கணக்குப் புத்தகத்தை நினைத்து.

பெரிய இடத்திலும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவில் 1992இல் வெள்ளை அரசோடு நடந்த பேச்சுவார்த்தை முட்டிக்கொண்டு நின்றபோது அதை நகர்த்த உதவிய யோசனை ஜோ ஸ்லோவோவிடமிருந்து வந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்களில் ஒருவர். அவர் மனைவி ரூத் ஃபர்ஸ்ட் 1982இல் அந்த அரசின் ஆட்கள் அனுப்பிய பார்சல் குண்டில் கொல்லப்பட்டவர். அந்த ஸ்லோவோ சொன்னது: வெள்ளை அரசின் அதிகாரிகளுக்கும் ராணுவத்தாருக்கும் வேலையும் ஓய்வூதியமும் போகாது என்று உறுதி கொடுப்போம், குறிப்பிட்ட காலத்துக்கு அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வோம், பிறகு பெரும்பான்மை ஆட்சிதான். எதிர்த்தரப்பு வாயால் பேசியது சிறுபான்மைப் பாதுகாப்பு, தடுப்பதிகாரம் போன்ற பெரிய விஷயங்கள். ஆனால் ஆட்சி இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு இருந்த பயம் நாளைக்குச் சம்பளம் வருமா என்பது. அந்தப் பயத்துக்குப் பதில் சொன்ன பிறகு ஓட்டுரிமை விஷயத்தில் இறுக்கம் தளர்ந்தது. இந்த யோசனையை வேறு யாராவது சொல்லியிருந்தால் அவரைத் துரோகி என்றிருப்பார்கள். ஸ்லோவோவை அப்படிச் சொல்வது சுலபமாக இல்லை. (இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: விட்டுக்கொடுக்கச் சொல்லும் வேலையை உங்கள் அணியிலேயே மிகவும் கறாரானவரிடம் கொடுங்கள். மிதவாதி சொன்னால் எடுபடாது.)

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், கூட்டத்துக்குள் கண்டுபிடிக்க முடியாது. செருப்பு மாட்டும் நேரத்தில்தான் தெரியும். அந்த நேரத்தை அவசரப்படுத்தாதீர்கள்.

உட்காரும் விதம்

இது அற்பமாகத் தோன்றும். 2007 மார்ச்சில் வட அயர்லாந்தில் பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்ற தரப்பின் தலைவர் இயன் பெய்ஸ்லியும் அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற தரப்பின் தலைவர் கெரி ஆடம்ஸும் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்து கேமராவுக்கு முன் பேச ஒப்புக்கொண்டார்கள். பல வருடப் பகை, ஆயிரக்கணக்கான சாவு. கடைசி நேரத்தில் முட்டிக்கொண்டது எதில் என்றால் நாற்காலியில். பெய்ஸ்லி தரப்புக்கு எதிரெதிரே உட்கார வேண்டும், ஏனென்றால் இவர்கள் எதிரிகள். ஆடம்ஸ் தரப்புக்குப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், ஏனென்றால் இனி இவர்கள் கூட்டாளிகள். மேசைகளை வைரம் மாதிரிக் கோணலாகப் போட்டு, அதன் ஒரு முனையில் இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் என்று உட்கார வைத்தார்கள். எதிரே என்றும் சொல்லலாம், பக்கத்தில் என்றும் சொல்லலாம். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள், இரண்டு பேருக்கும் நடுவில் மேசையின் மூலை மட்டும்தான். மே மாதம் பெய்ஸ்லி முதலமைச்சர், ஆடம்ஸின் கட்சியைச் சேர்ந்த மார்ட்டின் மக்கின்னஸ் துணை முதலமைச்சர்.

சிரிக்காதீர்கள், வியட்நாம் போர் சம்பந்தமாகப் பாரிஸில் நடந்த பேச்சுவார்த்தையில் மேசை வடிவத்துக்காகவே 1968-69 குளிர்காலத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள், போர் நடந்துகொண்டே இருந்தது. நாற்காலி என்பது யார் யாரை அங்கீகரிக்கிறார் என்ற கேள்வி. உங்கள் கூட்டத்திலும் யார் முதலில் பேசுவது, தீர்மானத்தில் யார் பெயர் முதலில் என்று சண்டை வரும். "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று தள்ளாமல், கோண மேசை ஒன்றைத் தேடுங்கள்.

பேசும்போது கதவு மூடியிருக்கட்டும். வெளிப்படைத்தன்மை என்று கொடி பிடிப்பவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் கேமரா இருக்கும் இடத்தில் மனிதன் எதிரணியோடு பேசுவதில்லை, தன் தொண்டர்களோடு பேசுகிறான். ஜெர்மனியில் இரண்டு அவைகளும் ஒரு சட்டத்தில் மோதிக்கொண்டால் 16 பேர் கீழவையிலிருந்து, 16 பேர் மாநிலங்களிலிருந்து என்று 32 பேர் கொண்ட குழு ரகசியமாகக் கூடிப் பேசுகிறது. மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள் அந்தக் குழுவில் தங்கள் அரசின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள் கிடையாது. உள்ளே என்ன பேசினார்கள் என்பது ரகசியம், வெளியே வரும் வாசகம் அவையில் எல்லோர் முன்னாலும் வாக்கெடுப்புக்கு வரும். இந்தப் பிரிவினை சரியானது என்று எனக்குத் தோன்றுகிறது. பேச்சு மூடிய அறையில் நடக்கலாம், முடிவு ஒருநாளும் மூடிய அறையில் இருக்கக்கூடாது.

அப்புறம், எல்லாம் முறிந்தாலும் முறியாத ஒரு நூல் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1992 ஜூனில் போய்ப்பாட்டாங் என்ற ஊரில் நடந்த படுகொலைக்குப் பிறகு மண்டேலாவின் கட்சி பேச்சுவார்த்தையிலிருந்து வெளியேறியது. அப்போதும் அந்தக் கட்சியின் சிரில் ராமபோசாவும் அரசுத் தரப்பில் ரோல்ஃப் மெயரும் பேசுவதை நிறுத்தவில்லை. அதற்கு முந்தைய வருடம் இருவரும் ஒரு நண்பர் வீட்டில் மீன் பிடிக்கப் போனபோது மெயரின் விரலில் தூண்டில் முள் ஏறிவிட, ராமபோசா குறடு கொண்டு பிடுங்கி எடுத்தார் என்பது பின்னால் பலமுறை சொல்லப்பட்ட கதை. செப்டம்பரில் பேச்சு மறுபடி தொடங்கியது. உங்கள் பக்கம் ஒருவர், அவர்கள் பக்கம் ஒருவர், எந்த ராத்திரியிலும் போன் எடுக்கக்கூடியவர்கள்; அந்த இரண்டு பேரை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுங்கள்.

எழுதும்போது ஆளுக்கொரு வரைவு கொண்டுவந்து மோதவிடாதீர்கள். மூன்றாவது ஆள் ஒருவர் ஒரே வரைவை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் போய் "இதில் என்ன தப்பு?" என்று மட்டும் கேட்டுத் திருத்திக்கொண்டே போகட்டும். 1978இல் எகிப்து, இஸ்ரேல் தலைவர்களை கேம்ப் டேவிட்டில் வைத்துக்கொண்டு அமெரிக்க அதிபர் கார்ட்டர் தரப்பு 13 நாளில் இப்படித்தான் செய்தது, இருபதுக்கும் மேற்பட்ட வரைவுகள். எங்கள் சங்கத்தில் ஒன்பது. ஒன்பதாவதில் திருத்தம் ஒரே ஒரு காற்புள்ளி.

பாதியாக வெட்டாதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள்

பணம், இடங்கள், வருடங்கள் போன்றவற்றை நடுவில் வெட்டலாம். மொழி, மதம், உரிமை இதையெல்லாம் பாதியாக வெட்டினால் இரண்டு துண்டும் செத்துப்போகும். அங்கே செய்யக்கூடியது பண்டமாற்று. நெதர்லாந்தில் மதக் கட்சிகள் பல பத்தாண்டுகளாகத் தங்கள் பள்ளிகளுக்கு அரசுப் பணம் கேட்டுக்கொண்டிருந்தன. தாராளவாதிகளும் சோசலிஸ்டுகளும் எல்லோருக்கும் ஓட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1917இல் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி முடித்தார்கள். மதப் பள்ளிகளுக்கு அரசுப் பள்ளிக்குச் சமமான நிதி, ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு. பெண்களுக்கு வழி திறந்து வைத்தார்கள், 1919இல் அதுவும் வந்தது. யாரும் தன் கொள்கையில் பாதியை விடவில்லை. தனக்கு இரண்டாம்பட்சமாக இருந்த ஒன்றை, எதிரணிக்கு உயிராக இருந்த ஒன்றை, விட்டுக்கொடுத்தார்கள்.

அதனால் தயாரிப்பு வேலையில் முக்கியமானது: எது உங்களுக்குச் சும்மா கௌரவத்துக்கு, அவர்களுக்கு உயிர்? அந்தப் பட்டியலை உங்கள் ஆட்களோடு உட்கார்ந்து போடுங்கள். சண்டை வரும். வரட்டும், அது எதிரணி முன்னால் வருவதைவிட மேல்.

சின்னது என்று நினைத்துக் கொடுப்பதும் சின்னதாக இருக்காது, ஜாக்கிரதை. போலந்து அரசு கீழவையில் 35 சதவீத இடங்களுக்கு மட்டும் சுதந்திரமான போட்டி என்று பேசி முடித்தது; அதிகாரம் குறைந்த மேலவைதானே என்று அதன் 100 இடங்களையும் திறந்துவிட்டது. ஜூன் தேர்தலில் சாலிடாரிட்டி கீழவையில் தனக்குத் திறந்திருந்த இடங்கள் எல்லாவற்றையும், மேலவையில் 99ஐயும் பிடித்தது. ஆகஸ்டில் பிரதமர் அவர்கள் ஆள்.

காலமும் ஒரு நாணயம்தான். 1983இல் அமெரிக்க அதிபர் ரீகனும் எதிர்க்கட்சியின் அவைத் தலைவர் டிப் ஓ'நீலும் ஓய்வூதிய நிதி முங்கிவிடாமல் காப்பாற்றச் செய்த ஏற்பாட்டில் முழு ஓய்வூதிய வயதை 65லிருந்து 67 ஆக்கினார்கள். ஆனால் உடனே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. 1960இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குத்தான் முழு 67. அன்றைக்கு அவர்களில் மூத்தவர்களுக்கே 23 வயது, ஓய்வூதியத்தைப் பற்றி யோசிக்கிற வயதா அது? புத்திசாலித்தனமான சமரசம், நிதியையும் காப்பாற்றியது. ஆனாலும் முதலில் சொன்ன தாளை எடுத்து வைத்துப் பாருங்கள், அறையில் இல்லாதவர்கள் யார் என்று.

முடியாததைத் தள்ளிப்போடுவதும் ஒரு வழி, ஆனால் தள்ளிப்போட்டது தேதி சொல்லிக்கொண்டு திரும்பி வரும். இந்திய அரசியல் நிர்ணய சபை 1949இல் மொழிச் சண்டையை இந்தி ஆட்சிமொழி, 15 வருடத்துக்கு ஆங்கிலமும் இருக்கும் என்று முடித்தது. 1965இல் அந்த 15 வருடம் முடிந்தபோது என்ன நடந்தது என்று தமிழ் படிக்கிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் நிற்பவர்கள்

இப்போது கஷ்டமான பாதி.

1957 ஜூலையில் இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிரதேச சபைகள், குடியேற்றத் திட்டங்களில் அந்தச் சபைகளுக்கு அதிகாரம், வடக்கு கிழக்கில் நிர்வாகத்துக்குத் தமிழ். செல்வநாயகம் சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, கேட்டவர், அதைவிடக் குறைவுக்கு இறங்கி வந்தார். பண்டாரநாயக்கா சிங்களம் மட்டும் என்று சொல்லி ஆட்சிக்கு வந்தவர், அவரும் இறங்கி வந்தார். எதிரே இருந்தவரோடு பேச வேண்டியதை இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசி முடித்துவிட்டார்கள். ஆனால் எதிர்க்கட்சியாக இருந்த ஐக்கிய தேசியக் கட்சி இதை ஒரு வாய்ப்பாகப் பார்த்தது, அக்டோபரில் ஜே.ஆர். ஜெயவர்த்தனா கண்டிக்கு எதிர்ப்புப் பாத யாத்திரை கிளம்பினார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு முன் வந்து உட்கார்ந்தார்கள். அன்றே ஒப்பந்தம் கிழிந்தது. அடுத்த மாதம் கலவரம்.

இதில் தப்பு எங்கே என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒப்பந்தத்தின் வாசகத்தில் தப்பு இல்லை. பண்டாரநாயக்காவின் பக்கத்திலேயே அவரைவிடக் கறாராகப் பேசி ஓட்டு வாங்கக் காத்திருந்த இன்னொரு கட்சி இருந்தது, அது அந்த அறையில் இல்லை, அதற்கு அந்த ஒப்பந்தத்தில் இழக்க ஒன்றுமே இல்லை. எதிரியோடு சமாதானம் பேசும்போது உங்கள் பங்காளியை வெளியே விட்டால் அவன்தான் முதலில் கல் எறிவான்.

ஆகவே கையெழுத்துக்கு முன்னாலேயே உங்கள் ஆட்களிடம் போங்கள். தென்னாப்பிரிக்க அதிபர் டி கிளார்க் 1992 மார்ச்சில் வெள்ளை வாக்காளர்களிடம் மட்டும் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார், பேச்சைத் தொடரலாமா என்று. 68 சதவீதத்துக்கும் மேல் ஆம் என்றார்கள், அதற்குப் பிறகு அவருடைய வலதுசாரிகளின் சத்தத்துக்குப் பழைய மதிப்பு இல்லை. கொலம்பியாவில் 2016இல் தலைகீழாகச் செய்தார்கள்: அரசு ஃபார்க் கெரில்லாக்களோடு நான்கு வருடம் பேசி, செப்டம்பரில் பெரிய விழா வைத்துக் கையெழுத்திட்டு, ஒரு வாரத்துக்குள் மக்களிடம் கேட்டால் 50.2 சதவீதம் வேண்டாம் என்றது. திருத்தி எழுதி, மக்களிடம் மறுபடி போகாமல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். காரியம் முடிந்தது, ஆனால் 'நாங்கள் வேண்டாம் என்றோமே' என்ற பேச்சு அதன் கழுத்தில் தொங்கிக்கொண்டேயிருந்தது.

நடைமுறையில் இரண்டு விஷயம். ஒன்று, உங்கள் ஆட்களிடம் வென்றதை மட்டும் சொல்லாதீர்கள்; எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், வேறொருவர் வாயிலிருந்து வந்தால் அது துரோகமாகத்தான் கேட்கும். இரண்டு, வெற்றி முழக்கம் போடாதீர்கள். நீங்கள் போடும் ஒவ்வொரு பட்டாசும் எதிரணித் தலைவருடைய வீட்டுக் கூரையில் விழுகிறது. அவரும் தன் ஆட்களிடம் போய் ஜெயித்துவிட்டோம் என்று சொல்லியாக வேண்டும். சொல்லட்டும், நீங்கள் மறுத்து அறிக்கை விடாதீர்கள். இதைத்தான் யாராலும் செய்ய முடிவதில்லை.

முடிவுத் தேதி

லெபனானில் 1943இல் வாய்மொழியாக ஒரு ஏற்பாடு: அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி, அவைத் தலைவர் ஷியா, நாடாளுமன்றத்தில் கிறிஸ்தவர்கள் ஆறுக்கு முஸ்லிம்கள் ஐந்து. கணக்குக்கு அடிப்படை 1932 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு அந்த நாட்டில் அதிகாரபூர்வக் கணக்கெடுப்பே எடுக்கவில்லை, எடுத்தால் சமரசம் உடையும் என்ற பயம். 15 வருடப் போருக்குப் பின்னால் ஆறுக்கு ஐந்து என்பது சமபங்கு ஆனது, பதவிப் பங்கீடு அப்படியே. சமரசத்துக்கு மறு ஆய்வுத் தேதி எழுதாமல் விட்டால் அது சுவராகிவிடும், உள்ளே பிறக்கிறவர்கள் எல்லோரும் அந்தச் சுவருக்குள்தான்.

தேதி எழுதுங்கள், யார் சரிபார்ப்பார் என்று எழுதுங்கள், மீறினால் என்ன என்று எழுதுங்கள். வட அயர்லாந்தின் 1998 ஒப்பந்தத்தில் ஆயுத ஒப்படைப்பு வாசகம் வேண்டுமென்றே மங்கலாக இருந்தது, அதனால்தான் கையெழுத்தே சாத்தியமானது, ஆனால் ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழுவின் ஆயுதங்கள் செயலிழக்கச் செய்யப்பட்டதைச் சர்வதேசக் குழு உறுதிசெய்தது 2005இல்தான், நடுவில் சட்டமன்றம் திரும்பத் திரும்ப முடங்கியது. மங்கல் சில சமயம் தேவை. எவ்வளவு நாளைக்கு மங்கலாக இருக்கலாம் என்பதை மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள்.

எழுந்து வர வேண்டிய நேரம்

ஏற்கெனவே கொடுத்துவிட்டதை இரண்டாம் முறை கேட்டால். பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே உங்கள் ஆட்கள் மீது கை வைத்தால். ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிதாக ஒருவர் வந்து "எனக்கு அதிகாரம் இல்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்றால். அல்லது அந்தத் தாளில் மிச்சமிருக்கும் பெயர்களைப் பார்க்க முடியாமல் தாளைத் திருப்பி வைக்கத் தோன்றினால். கத்தாமல் எழுந்து வாருங்கள், அந்த ஒரு போன் எண்ணை மட்டும் அழிக்காதீர்கள்.

எங்கள் சங்கக் கதையை முடிக்காமல் விட்டால் திட்டுவீர்கள். பழைய கணக்கை இரண்டு வருடம் யாரும் தொடுவதில்லை, அதற்குப் பிறகு வெளி ஆடிட்டர் ஒருவர் பார்ப்பார் என்று எழுதினோம். அதற்குப் பதிலாகப் பழைய அணி பதவியை விட்டது. கணக்குப் புத்தகங்கள் எல்லாம் ஒரு பீரோவில், இரண்டு பூட்டு, அணிக்கு ஒரு சாவி. சந்தா கட்டிய சாதாரண உறுப்பினர்களிடம் நாங்கள் யாருமே கேட்கவில்லை; இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொன்ன சோதனையில் நானே தேறவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத் திறக்கப் போனால் ஒரு சாவி காணோம். எந்த அணியின் சாவி என்பதை ஒப்பந்தப்படி நான் சொல்லக்கூடாது. பூட்டை உடைக்க இரு தரப்பும் சேர்ந்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள், அந்தச் சங்கத்தில் அதுவரை ஒருமனதாக எதுவும் நிறைவேறியதில்லை. உள்ளே ரசீது இல்லாத செலவுகள் இருந்தன, இரண்டு அணிக்காரர்கள் கையெழுத்திலும்.